இடது பக்கத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள்: திராட்சைப் பந்தலடியில் ஆறு நாள் சிலம்பம்

சென்ற மார்ச்சில் கல்லூரி மாடிப்படியில் கடைசி இரண்டு படிகளைக் கவனிக்காமல் இறங்கி விழுந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு, பிறகு இரண்டு மாதம் பிசியோதெரபி. எலும்பு சரியாகக் கூடிவிட்டது என்று எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் சொன்னார். ஆனால் நடை பழையபடி வரவில்லை. பேருந்துப் படி, ஈரமான குளியலறை, சாலையோரக் கல் என்று எதைக் கண்டாலும் ஒரு கணம் நின்று, குனிந்து பார்த்து, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை நான். வயது நாற்பத்தெட்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் இரண்டாம் ஆண்டு மாணவர்களை நான்கு நாள் மேகமலைக்கு அழைத்துப் போவது பத்துப் பதினைந்து ஆண்டுகளாக என் வேலை. அங்கே நடக்கிற நிலமெல்லாம் சரிவும் பாசியும் வேருமாக இருக்கும். இந்த ஆண்டும் நான்தானா, வேறு ஆளா என்று டிசம்பர் முதல் திங்கட்கிழமைக்குள் சொல்லும்படி துறைத்தலைவர் கேட்டிருந்தார். "உடல்நிலை காரணமாக இயலாது" என்று ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். ஒரு முறை விட்டுக்கொடுத்தால் அது திரும்ப என் கைக்கு வராது என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கம்பத்தைச் சேர்ந்த பழைய மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பினாள். பெண்களுக்குச் சிலம்பம், எந்த வயதும் வரலாம், ஆறு நாள். கீழே பலன்களின் பட்டியல்: சர்க்கரை கட்டுப்படும், ரத்த அழுத்தம் இறங்கும், ஞாபகசக்தி பெருகும், மனம் ஒருமுகப்படும், எழுபத்திரண்டாயிரம் நரம்புகளும் விழிக்கும். இப்படிப்பட்ட பட்டியல்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் நவம்பர் கடைசி வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கம்பம் மேகமலைக்கு அடிவாரத்திலேயே இருக்கிறது, போய்ப் பார்த்தால் என்ன என்பதுதான் காரணம்.

ஞாயிறு காலை ஆறரைக்குத் திருச்சியில் பேருந்து. ஒன்பதேகாலுக்கு மதுரை, 130 ரூபாய். அங்கிருந்து ஆரப்பாளையம் போய்த் தேனி வண்டி பிடித்தேன். 76 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், 75 ரூபாய். (திருச்சி வண்டி இறக்கிவிடும் மாட்டுத்தாவணியில் நின்றுகொண்டு தேனி வண்டியைத் தேடாதீர்கள். நான் இருபது நிமிடம் தேடினேன்.) தேனியில் சாப்பிட்டுவிட்டு, கம்பம் வண்டியின் படியருகே வழக்கம்போல் நின்றேன். பின்னால் வரிசை நின்றது. "ஏறுங்கம்மா, வண்டி ஒண்ணும் கடிக்காது" என்றார் நடத்துநர். ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 40 ரூபாய். சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை கூடவே வருகிறது. நடுவில் வயல், தென்னை, வாழை, அதன் பிறகு திராட்சை. ஜன்னல் இருக்கை கிடைத்தால் இடது பக்கம் உட்காருங்கள், மேகமலை அந்தப் பக்கம்தான்.

கம்பத்தில் விடுதி அறை ஒரு நாளைக்கு 800 ரூபாய். மாலையில் வகுப்பு நடக்கும் இடத்தைப் பார்த்து வரலாம் என்று ஆட்டோ பேசினேன். சுருளிப்பட்டிச் சாலையில் ஏழு கிலோமீட்டர், 200 ரூபாய். எதற்குப் போகிறேன் என்று ஓட்டுநர் கேட்டார், சொன்னேன். கண்ணாடியில் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

"கம்பு சுத்தவா? நீங்களா?"

"ஆமாம்."

"முதுகுவலின்னா சொல்லுங்க மேடம், அங்கன ஒருத்தவுக நல்லா எண்ணெய் போட்டு உருவி விடுவாக. கம்பெல்லாம் எதுக்கு?"

நோட்டீஸில் பயிற்சியாளர் என்று பெயர் போட்டிருந்த மாரீஸ்வரி என் கற்பனைக்கு மாறாக முப்பத்திநாலு வயதுப் பெண். ஐந்தடி உயரம். கணவரோடு சேர்ந்து ஒன்றரை ஏக்கர் திராட்சை வைத்திருக்கிறார். நான் போனபோது மருந்தடிக்கும் ஸ்பிரேயரைக் கழுவிக்கொண்டிருந்தார். முதல் கேள்வியாக நரம்புக் கணக்கைப் பற்றிக் கேட்டேன்.

"அய்யோ, அது நோட்டீஸ் அடிச்ச கடைக்காரரு போட்டதுக்கா. எடம் காலியா இருக்குன்னு அவராத்தேன் சேத்துவிட்டாரு. எனக்கே இத்தன நரம்பு இருக்குறது அதப் பாத்துத்தேன் தெரியும்."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆறு நாளுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழு வரை காலடிப் பயிற்சி. மாலை ஐந்தேகாலிலிருந்து ஆறேகால் வரை இருவர் இருவராக ஆட்டம்.

திங்கட்கிழமை காலை தொடங்குவதற்கு முன் எனக்கே ஒரு பரிசோதனை வைத்துக்கொண்டேன். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்று, கைபேசியில் நேரம் அளந்தேன். வலது கால் பதினொரு விநாடி. இடது கால் ஆறு. ஆறாம் நாள் இதையே திரும்பச் செய்வது என்று முடிவு.

சிலம்பம் என்றவுடன் கம்பு விர்ரென்று சுற்றுவதுதான் நினைவுக்கு வரும். முதல் நாள் கம்பே கிடையாது. நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் சாக்பீஸால் ஒரு சதுரம் வரைந்து, அதன் நான்கு மூலைகளுக்கும் மெதுவாகக் கால் மாற்றி மாற்றிப் போகச் சொன்னார். முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். ஒரு பாதம் முழுதாக ஊன்றிய பிறகுதான் அடுத்தது எழ வேண்டும். ஓர் அடிக்கு ஒரு மூச்சு. பார்க்க எளிது. இருபது நிமிடத்தில் தொடை நடுங்கியது. மனத்தை ஒருநிலைப்படுத்துவது பற்றி மாரீஸ்வரி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்த வேகத்தில் நடக்கும்போது வேறு எதையும் நினைக்க முடிவதில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

"எதுக்குக்கா காலையே பாக்குறீக? அது எங்கனயும் ஓடிப்போகாது" என்று மட்டும் நாலைந்து முறை சொன்னார். நிமிர்வேன். அடுத்த அடியில் பார்வை தானாகக் கீழே போய்விடும்.

செவ்வாய் மாலை கையில் கம்பு வந்தது. என் நெற்றி உயரத்துக்கு மூங்கில். நுனியில் துணி சுற்றி, தண்ணீரில் குழைத்த கோலமாவில் தோய்த்துத் தந்தார்கள். அங்கே ஆட்டத்தின் விதி இது: இரண்டு நிமிடம், அடிக்கக் கூடாது, தொட்டால் போதும், கழுத்துக்கு மேலே கூடாது. தொட்ட இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும். ஆட்டம் முடிந்ததும் தொட்டவர் எண்ணுவதில்லை. தொடப்பட்டவர்தான் தன் உடம்பைப் பார்த்து, எங்கெங்கே எத்தனை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அடர்நிற உடை போட்டு வரச் சொன்னதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

எனக்கு ஜோடி, பல மாதமாக மாலை ஆட்டத்துக்கு வரும் உள்ளூர்க்காரர் செல்லத்தாய். ஐம்பத்திரண்டு வயது. தினமும் காலை ஆறு மணிக்கு ஜீப்பில் கம்பம்மெட்டு வழியாகக் கேரளா போய், ஏலத்தோட்டத்தில் வேலை செய்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்புபவர். ஜீப்பிலிருந்து இறங்கியவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே களத்துக்கு வந்தார்.

"வேல செஞ்சுட்டு வந்து இதையும் செய்ய உடம்பு தாங்குதா?" என்று கேட்டேன்.

"சரிவுல குத்தவச்சு நாளெல்லாம் காய் எடுக்கணும் டீச்சரம்மா. காலு நிக்கலைன்னா உருண்டு போய்த் தமிழ்நாட்டுலதேன் விழுவேன். இங்க வந்த பொறவு காலு கொஞ்சம் சொன்னபடி கேக்குது. எஸ்டேட்டுல இருக்கவுக, 'சேச்சிக்கு என்ன இப்ப நடை மாறிப்போச்சு'ங்கிறாக."

இரண்டு நிமிடத்தில் என்னை ஒன்பது முறை தொட்டார். நான் அவரை ஒரு முறை தொட்டேன், அதுவும் அவர் தும்மியபோது. பிறகு எண்ணிச் சொன்னேன். இடது தோள் இரண்டு, இடது இடுப்பு மூன்று, இடது தொடை இரண்டு. வலது பக்கம் மொத்தம் இரண்டு.

"ஆத்தாடி! டீச்சருக்கு ஒரு பக்கந்தேன் வெள்ளையடிச்சிருக்கு. சுண்ணாம்பு தீந்துபோச்சு போலருக்கு" என்றார் செல்லத்தாய். களமே சிரித்தது.

நானும் சிரித்தேன், ஆனால் அந்த உடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாராவது "உங்களுக்கு உள்ளே பயம்" என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். இது வேறு. ஒன்பதில் ஏழு ஒரே பக்கம். "அக்கா, கம்பு வந்தா மொதல்ல எடது கையப் பின்னால ஒளிக்கிறீக," என்றார் மாரீஸ்வரி. "கை போனா தோளு திரும்பிருது, தோளு திரும்பினா அந்தக் காலு தங்கிருது. அவுக சும்மா நீட்டினாலே படும்." மணிக்கட்டைக் காப்பாற்றப் போய் ஒரு பக்கம் முழுவதையும் திறந்து வைத்திருந்தேன். எட்டு மாதமாகப் படிகளிலும் இதைத்தான் செய்திருக்கிறேன் என்று தோன்றியது. இடது கை உடம்போடு ஒட்டிக்கொள்ள, இடது கால் தாமதமாக வர, அதைக் கண் போய்ப் பார்க்க.

காரணம் தெரிந்ததால் மட்டும் கால் மாறிவிடவில்லை. புதன் காலையும் சதுரத்துக்குள் கீழே பார்த்தபடிதான் நடந்தேன். மாரீஸ்வரி சிறிது நேரம் பார்த்தார். "களம் வேண்டாம், வாங்க" என்று தோட்டத்துக்குள் கூட்டிப்போனார்.

கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக: கல் தூண்கள் நட்டு, மேலே கம்பி வலை கட்டி, அதில் கொடியைப் பரப்பியிருப்பார்கள். பந்தல் ஆறடிக்கும் குறைவான உயரம். பழக்குலைகள் அதிலிருந்து கீழே தொங்கும். நான் ஐந்தடி நான்கு அங்குலம். நிமிர்ந்து நடந்தால் நெற்றியில் குலை இடிக்கும். இடித்தால் அவர்களுக்கு நஷ்டம். திராட்சையின் மேல் சாம்பல் பூத்தாற்போல் ஒரு மெழுகுப்படலம் இருக்கும். தொட்டால், உரசினால் அது போய்விடும், கறுப்பாகத் தடம் தெரியும். அந்தக் குலையை வியாபாரி ஒதுக்கிவிடுவார். அதனால் அறுவடைக்கு நிற்கும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் முழங்காலைச் சற்று மடக்கி, தலையைச் சாய்த்து, கண்ணைக் குலைகள் மேலேயே வைத்துக்கொண்டு, வாய்க்காலும் கட்டியுமான தரையில் சத்தமில்லாமல் நகர்கிறார்கள். அதைப் பயிற்சி என்று யாரும் சொல்வதில்லை, அங்கே நடப்பதென்றாலே அதுதான்.

"இந்தத் தூணுலருந்து அந்தக் கடைசித் தூணு வரைக்கும் போய்ட்டு வாங்க. ஒரு கொலையிலயும் படக் கூடாது. அறுக்கப் போற பழம், பாத்துக்கங்க."

"கீழ வாய்க்கால் இருக்கே?"

"இருக்கும். அது காலோட பாடு. நீங்க கொலையப் பாருங்க."

ஏறத்தாழ அறுபது மீட்டர். முதல் சில அடிகள் பயங்கரமாக இருந்தன. கீழே பார்த்தால் நெற்றி குலையில் போய் முட்டும். அடுத்தவர் உழைப்பைக் கெடுக்க முடியாது. மேலே பார்த்தால் கால் எங்கே போகிறது என்று தெரியாது. பத்தாவது அடியிலோ என்னவோ ஓர் இலையின் அடியில் வெள்ளையாகப் பூஞ்சைத் திட்டு கண்ணில் பட்டது. அடிச்சாம்பல் நோயா என்று பார்த்தேன். அடுத்த கொடியில் இருக்கிறதா என்று தேடினேன். அதற்கடுத்ததில் இல்லை. அப்படியே தேடிக்கொண்டு போனதில் கடைசித் தூண் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், நடுவில் ஒன்றரை அடி அகலத்தில் இரண்டு வாய்க்கால்கள். இரண்டையும் தாண்டியிருக்கிறேன். எப்போது என்று எனக்கு நினைவில்லை.

மாரீஸ்வரியிடம் பூஞ்சையைப் பற்றிச் சொன்னேன். கால் விஷயத்தைவிட அதில்தான் அவருக்கு அக்கறை. "எந்தத் தூணுகிட்டக்க?" என்று ஓடிவிட்டார். அன்று மாலை ஆட்டத்தில் எட்டுப் புள்ளிகள், ஐந்து இடப்பக்கம். இனிக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

வியாழன் காலை மழை, வகுப்பு இல்லை. வெறுமனே இருக்க வேண்டாமே என்று சுருளி அருவிக்குப் போனேன். கம்பத்திலிருந்து நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நுழைவுக் கட்டணம் 30 ரூபாய், வாசலிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடை. தண்ணீர் அதிகம் என்று குளிக்க விடவில்லை, பார்க்கலாம் என்றார்கள். அருவிக்கு முன்னால் உள்ள ஈரப் படிகளில் நான்காவதில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தேன். பின்னால் வந்த ஒரு குடும்பம் என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனது. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி மேலே ஏறிவிட்டேன். விடுதிக்கு வந்து கைபேசியில் அந்த மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேகமலையில் கைப்பிடிக் கம்பி கிடையாது. அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. மாலை வகுப்பு முடிந்ததும் அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மழை விட்டிருந்தது. களத்தில் தண்ணீர் தேங்கியிருந்ததால் ஆட்டம் இல்லாமல் எல்லோரும் ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அருவியில் நடந்ததைச் சொன்னேன்.

"அங்கன யாருக்கு டீச்சரம்மா வழுக்காது? எனக்கும் வழுக்கும்" என்றார் செல்லத்தாய்.

"நீங்க பயப்பட மாட்டீங்க இல்ல?"

"நல்லாருக்கு கத! போன மாசம் மூணு தடவ விழுந்தேன். பின்னாடிய முட்டாக் குடுத்து உக்காந்து எந்திரிச்சேன். நீங்க விழாம இருக்கக் கம்பு கத்துக்கிறீக. நான் விழுந்தா எந்திரிக்கத்தேன் வர்றேன்."

அன்று மின்னஞ்சலை அனுப்பவில்லை. நாங்கள் பேசியதைக் கேட்டிருந்த மாரீஸ்வரி மறுநாள் காலை வைக்கோல் கொண்டுவந்து களத்தில் பரப்பியிருந்தார். முக்கால் மணி நேரம் என்னை விழ வைத்தார். கையை ஊன்றாமல், தாடையை மார்போடு சேர்த்து, முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் உருண்டு விழ வேண்டும். முதல் பத்து முறை கை தானாக நீண்டது. ஒவ்வொரு முறையும் கம்பால் அதை லேசாகத் தட்டினார். முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம். நாற்பத்தெட்டு வயதில், கல்லூரி ஆசிரியை, தலையெல்லாம் வைக்கோலாக. மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் விழுந்தது அன்றுதான். எத்தனை முறை என்று எண்ணவில்லை. எழுந்திருப்பது சலிப்பாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. பயத்திலிருந்து சலிப்புக்கு வந்தது எனக்கு ஆச்சரியம்.

சனிக்கிழமை மாலை கடைசி ஆட்டம். செல்லத்தாய் எனக்காக விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு நிமிடம் முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டேன். மறுபடியும் ஒன்பது.

"சொல்லுங்க டீச்சரம்மா, சத்தமா!"

"இடது தோள் ஒன்று. இடது இடுப்பு இரண்டு. இடது தொடை ஒன்று. வலது தோள் இரண்டு, வலது இடுப்பு ஒன்று, வலது கால் இரண்டு."

"இப்பத்தேன் சுத்திவர வெள்ளையடிச்சு முடிஞ்சிருக்கு" என்றார் அவர். "வீடு குடியேறலாம்."

இனி, சிலம்பம் உடலையும் மனத்தையும் உறுதியாக்குமா என்று கேட்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஒற்றைக்கால் பரிசோதனையை ஆறாம் நாள் திரும்பச் செய்தேன். வலது பதினொன்று, இடது ஏழு. ஒரு விநாடி முன்னேற்றத்தை நான் முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆறு நாளில் தசை வளராது. நல்ல தூக்கம், மலைக்காற்று, விடைத்தாள் திருத்தாமல் இருந்தது, இவற்றுக்கும் பங்கு இருக்கலாம். என்னைத் தொட்ட எண்ணிக்கையும் குறையவில்லை. மாறியது அவை விழுந்த இடம் மட்டும். உடம்பில் பயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை மனத்தைக் கேட்டால் தெரிவதில்லை. எதிரே ஒருவர் கம்போடு நின்றால் தெரிகிறது. சொல்வதற்கு என்னிடம் இருப்பது இந்த ஒரு விஷயம்தான்.

ஞாயிறு காலை கிளம்பும் முன் மீண்டும் சுருளிக்குப் போனேன். அதே ஈரப் படிகள். கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன், பிடிக்கக் கம்பி இருக்கும்போது பிடிப்பதில் தவறில்லை. ஆனால் பார்வை படியில் இல்லை; எதிரே பாறையில் ஒட்டியிருந்த பெரணி எந்த வகை என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன். கடைசிப் படியில் இடது கால் கொஞ்சம் வழுக்கியது. முழங்கால் மடங்கியது, நின்றேன். அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, பழைய மின்னஞ்சலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: "ஜனவரி மேகமலைப் பயணத்துக்கு நான் செல்கிறேன். ஈரப் பாறைகளில் மெதுவாகத்தான் வருவேன். மாணவர்கள் எனக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும்." அனுப்பினேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மழைக் காலத்தில் காலை வகுப்பு ரத்தாகலாம், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் நான்கு புதியவர்களுக்கு மேல் மாரீஸ்வரி சேர்ப்பதில்லை. அறுவடை நாட்களில் யாரையும் சேர்ப்பதில்லை. சுருளிப்பட்டிச் சாலையில் திராட்சைத் தோட்டக்காரர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். மூட்டு, முதுகெலும்புப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் விழும் பயிற்சிக்குப் போக வேண்டாம். ஆட்டோ கிடைக்காவிட்டால் நகரப் பேருந்து முக்கால் மணி நேரத்துக்கு ஒன்று வருகிறது. பந்தலுக்குள் போக அனுமதித்தால், தயவுசெய்து பழத்தைத் தொடாதீர்கள், படம் எடுக்கவும் கிட்டே இழுக்காதீர்கள்.

வெளிர் நிற உடை எடுத்துப் போகாதீர்கள். அழுக்காகும் என்பதற்காக இல்லை. வெள்ளைப் புள்ளி எங்கே விழுந்தது என்று அதில் தெரியாது.